புகை: பூஜ்யம்

கட்டமேட்டு உச்சியில் பூபதியின் லாரி நின்றபோது பகல் பன்னிரண்டே கால் மணி. எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. டீசல் பாதி டேங்க் இருந்தது. முன்கண்ணாடி ஓரத்தில் பதித்திருந்த சாம்பல் நிறப் பெட்டி, "அன்பார்ந்த ஓட்டுநரே, சேலம் பள்ளத்தாக்கில் காற்றுத் தூசி வரம்பைக் கடந்துள்ளது. தங்கள் வாகனம் பழைய டீசல் வகையைச் சேர்ந்தது என்பதால் எஞ்சின் நிறுத்தப்படுகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி" என்று தேன் ஒழுகும் பெண் குரலில் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டது. ஒத்துழைக்கிறாயா என்று யாரையும் கேட்கும் வழக்கம் அதற்குக் கிடையாது.

லாரிக்காரர்கள் அந்தப் பெட்டியை மூக்கு என்றார்கள். பதினைந்து வயதைத் தாண்டிய டீசல் லாரி ஒவ்வொன்றிலும் காற்று வாரியம் அதைப் பொருத்தி மூன்று வருடம் ஆகிறது. புகைக்குழாயை அது முகரும், ஊர்க் காற்றையும் விசாரிக்கும். காற்றில் இடம் இருந்தால் வண்டி ஓடும். இல்லையென்றால் காற்றடித்துத் தூசி கலையும் வரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். பெரிய கம்பெனிகளின் மின்சார லாரிகள் அவை பாட்டுக்குப் பறந்தன. ஒற்றை வண்டியை வைத்துக்கொண்டு தானே முதலாளி, தானே டிரைவர் என்று பிழைக்கிறவர்கள்தான் ஓரம் கட்டிவிட்டு மரக்கிளை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூபதி இந்தச் சட்டத்தை வாயாரத் திட்டவும் முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டவர். சங்ககிரி பைபாஸ் ஓரத்து வீட்டில் இருபது வருடம் லாரிப் புகையைச் சுவாசித்து, அவர் மனைவி கோகிலவாணிக்கு வீசிங். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தவள், மூக்கு வந்த பிறகுதான் கால் நீட்டிப் படுத்துத் தூங்குகிறாள். "உங்க பொழப்பக் கெடுத்த பெட்டி எனக்கு மூச்சக் குடுத்துருச்சுங்க" என்று ஒரு நாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு வண்டியில் ராயக்கோட்டைத் தக்காளி. சித்திரை வெயிலில் தார்ப்பாய்க்கு அடியில் அது வெந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு லோடு இப்படி மலையுச்சியில் நின்று கூழாகிவிட்டது. மூன்றாவதும் கெட்டால் இனிமேல் பழைய வண்டி வாசலுக்கே வரக்கூடாது என்று மண்டிக்காரர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். ஒரு இலைகூட அசையவில்லை. காற்று எழும்ப அந்தி சாய்ந்துவிடும்.

எதிரே தொப்பூர் இறக்கம் கிடந்தது. எட்டு கிலோமீட்டர் சரிவு. டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியை உருள விடுவது லாரிக்காரர்களின் பழைய சபலம். அந்தச் சபலத்துக்கு இந்த மலை எத்தனையோ பேரைக் காவு வாங்கியிருக்கிறது. பூபதி முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட அப்படி இறங்கியதில்லை. ஆனால் நியூட்ரலில் இறங்குகிறவனுக்குக்கூட எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கு வேண்டிய காற்று டேங்கில் ஏறும். எஞ்சின் நின்ற வண்டியில் இருக்கிற காற்றுதான் இருப்பு. ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் போகும். மீட்டர் முள் எட்டிலிருந்து ஐந்துக்குக் கீழே இறங்கினால் பின் சக்கரங்கள் தாமாகக் கவ்விக்கொள்ளும். சமதரையில் அது நல்ல காவல். சரிவில், வளைவில், இருபது டன்னோடு அப்படிக் கவ்வினால் வண்டி வாலைச் சுழற்றிக்கொண்டு பள்ளத்துக்குப் போகும்.

ஆனால் பூபதியிடம் ஒரு திருட்டு இருந்தது. ஓரம் கட்டி மணிக்கணக்கில் நிற்கும்போது காற்று கசிந்து இறங்கிவிடும். மறுபடி கிளப்பினால் காற்று ஏறும் வரை பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி உறும விட வேண்டும். அந்தப் புகைக்கும் மூக்கு கோபித்துக்கொண்டு எஞ்சினை அணைக்கும். அந்தத் தொல்லைக்காகப் போன வருடம் உடைத்துப் போட்ட பஸ் ஒன்றின் காற்று டேங்கை வாங்கி, ஸ்டெப்னிக்குப் பின்னால் மறைவாக மாட்டி, சீட்டுக்கு அடியில் ஒரு வால்வு வைத்திருந்தார். பிரேக் லைனில் கை வைத்தது தெரிந்தால் தகுதிச் சான்று போய்விடும். வண்டி நேராக நசுக்குகிற ஆலைக்குத்தான். அதனால் அந்த டேங்க் அவருக்கும் கோகிலவாணிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

பெட்டி எஞ்சினைத்தான் நிறுத்தும். உருளுவதை அது தடுக்காது. பூபதி ஹேண்ட்பிரேக்கை விடுவித்தார்.

அந்த இருபது நிமிடங்களை அவர் பிறகு யாரிடமும் விவரித்துச் சொன்னதில்லை. எஞ்சின் சத்தம் இல்லாத லாரி எவ்வளவு பயங்கரமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. இரண்டு கையாலும் மார்பாலும் சேர்த்துத் திருப்பினார். பதினான்கு தடவை பிரேக் மிதித்தார். முள் ஆறரையைத் தொடும்போதெல்லாம் சீட்டுக்கு அடியில் கையை விட்டு வால்வைத் திருகினார். அடிவாரத்தில் வண்டி தானாக நின்றபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

பெட்டி பேசியது. "சரிவுப் பயணம் நிறைவடைந்தது. வெளியிட்ட புகை: பூஜ்யம். புதிய முறை கற்றுக்கொள்ளப்பட்டது. வாழ்த்துகள்."

அங்கே ஒரு மின்சார வண்டியை வாடகைக்குப் பிடித்து லோடை மாற்றியதில் தக்காளி பிழைத்தது. அதோடு விஷயம் முடிந்தது என்று பூபதி நினைத்தார்.

பத்து நாள் கழித்துக் காற்று வாரியத்திலிருந்து ஒரு பெண் சங்ககிரிக்கு அவரைத் தேடி வந்தாள். தாரணி என்று பெயர். முப்பது வயதுக்குள் இருக்கும். மூக்குக்கு மூளை எழுதுகிற பொறியாளர்களில் ஒருத்தி.  டேங்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே பூபதி நினைத்தார். அவளோ லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஏதோ கோயில் தேரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தப்புத்தானுங்க மேடம். தக்காளி கெட்டுப்போயிரும்னு..."

"தப்பா? ஒன்னாம் தேதியிலிருந்து பழைய டீசல் வண்டி எல்லாத்தையும் ரோட்டை விட்டு எடுக்கறதா முடிவு பண்ணியிருந்தாங்க. இந்த மாவட்டத்துல மட்டும் ரெண்டாயிரம் வண்டி. ஆர்டர்கூட டைப் பண்ணியாச்சு. அப்பத்தான் உங்க பெட்டியிலிருந்து இந்தப் பதிவு வந்தது. எட்டு கிலோமீட்டர், இருபது டன், துளிப் புகை இல்லை. எங்க மேலதிகாரி நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லா மலையிறக்கத்துலயும் பழைய வண்டி எஞ்சினை நிறுத்திட்டு இறங்கினா, மொத்தப் புகையில பதினெட்டு சதவீதம் குறையுது. அது போதும், தடையைத் தள்ளிப் போடலாம்னு சொல்லிட்டாங்க."

பூபதி பதறிப் போய்க் கேட்டார். "எல்லா வண்டியுமா?"

"ஒரு பெட்டி கத்துக்கிட்டா எல்லாப் பெட்டிக்கும் தெரிஞ்ச மாதிரிதான். எப்ப மிதிக்கணும், எப்ப விடணும்னு அதுவே சொல்லும். பதினாலு மிதி, அவ்வளவுதான். உங்க பதிவுல காத்து ஆறரைக்குக் கீழ இறங்கவே இல்லையே."

இறங்கவில்லைதான். ஏன் இறங்கவில்லை என்பது சீட்டுக்கு அடியில் இருந்தது. பூபதி வாயைத் திறந்தார். அதற்குள் சங்கத்து ஆட்கள் மாலையோடு வந்துவிட்டார்கள். ரெண்டாயிரம் வண்டியைக் காப்பாற்றியவர் என்று கழுத்தில் போட்டார்கள். வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

முதலில் ஆறு வண்டிகளை வைத்துச் சோதனை ஓட்டம் என்றார்கள். முதலில் பூபதி இறங்க வேண்டும், அவர் பின்னால் ஒவ்வொன்றாக மற்ற ஐந்தும். தேறினால் ஆறு வண்டிக்கும் உடனே ஐந்து வருட உரிமம். ஒதுங்குகிறவனுக்கு அந்த இடத்திலேயே தகுதி நீக்கம். இரண்டாவது வண்டி யாருடையது என்று பார்த்தால், கோகிலவாணியின் தம்பி லோகநாதனுடையது.

பூபதி அவனைத் தனியாகக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். லோகநாதன் வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"டேங்க் இருந்துச்சு, சரிங்க மாமா. ஆனா பொட்டி கணக்குப் போட்டுத்தான சொல்லுது? நீங்க பயத்துல தெறந்து தெறந்து உட்டிருப்பீங்க. அது இல்லாமயே எறங்கியிருக்குமோ என்னமோ."

"எறங்காது மாப்ளே. என்ர காலுக்குத் தெரியும்."

"உங்க காலுக்குப் பேரு கெடச்சாச்சு. எனக்கு?" அவன் குரல் ஏறியது. "ஒதுங்குனா வண்டி அன்னைக்கே போச்சு. ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நான் எங்க போறது? எறங்குனாப் பாதிக்குப் பாதியாச்சும் இருக்குது. மாலையெல்லாம் உங்க கழுத்துலயே விழோணுமாக்கும்."

அந்தக் கடைசி வார்த்தை பூபதியைச் சுட்டது. வீட்டுக்கு வந்து கோகிலவாணியிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த மேடத்துகிட்டச் சொல்லீருங்க."

"நம்ம வண்டி போயிருமே கோகிலா. நம்மளது மட்டுமில்ல, ரெண்டாயிரம் வண்டி."

"வண்டி போனா வேற பொழப்புப் பாக்கலாம்" என்றாள் அவள். "எந்தம்பி போயிட்டா நான் உங்க மூஞ்சியப் பாக்க மாட்டனுங்க. அதையும் இப்பவே சொல்லிப்போடறேன்."

சோதனை நாள் காலை எட்டு மணிக்குக் கட்டமேட்டில் ஆறு லாரிகளும் எம்-சாண்ட் பாரத்தோடு வரிசையில் நின்றன. சாலையில் மற்ற போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். பூபதி தாரணியை வண்டிக்கு அடியில் குனியச் சொல்லி, டேங்கைக் கையால் தட்டிக் காட்டினார். சீட்டுக்கு அடியில் வால்வையும் காட்டினார். அவள் முகம் வெளுத்துப் போனது.

"இதை ஏன் அண்ணா அன்னைக்கே சொல்லலை?"

"பயமுங்க மேடம்."

அவள் தள்ளிப் போய்ச் சென்னையில் இருந்த மேலதிகாரியிடம் பேசினாள். நீண்ட நேரம் பேசினாள். கையை ஆட்டினாள், ஒரு கட்டத்தில் கத்தினாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"வாய்மொழி வாக்குமூலம் செல்லாதாம். பெட்டிப் பதிவுதான் ஆதாரமாம். டேங்க் இருந்ததுக்குப் பதிவுல தடயமே இல்லை, அந்த ஆள் ஏதோ சங்கச் சண்டையில ஓட்டத்தைக் கெடுக்கப் பார்க்கறான்னு சொல்றார். எட்டரைக்கு ஆரம்பிச்சே ஆகணுமாம். ஒரு வண்டி தோத்ததா பதிவு வந்தாத்தான் நிறுத்துவாங்களாம்."

"தோத்தாத்தானா?"

"அப்படித்தான் சொன்னார்."

பூபதி வண்டிக்குத் திரும்பினார். பிறகு கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். நட்டு இறுகிக் கிடந்தது. இரண்டு திருகில் கழன்றது. திருட்டு டேங்கின் காற்று முழுவதும் சீறிக்கொண்டு புழுதியில் போனது. குழாய் முனையை அடைத்துவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப பொட்டிக்கு உண்மையப் பதிஞ்சு குடுத்தர்றேன்."

"வேண்டாம் அண்ணா. செத்துருவீங்க."

"ரெட்டைப் பாலத்துக்கு முன்னால மண்ணுப் படுகை ஒண்ணு போட்டிருக்காங்க. பிரேக் போன வண்டி ஏறி நிக்கறதுக்குன்னே போட்டது. அதுவரைக்கும் போனாப் போதுமுங்க." அவர் குரலில் வீரம் எதுவும் இல்லை. 

அவர் ஏறி உட்கார்ந்தபோது மறுபக்கக் கதவும் திறந்தது. தாரணி ஏறினாள்.

"எறங்குங்க மேடம். விளையாட்டா?"

"நீங்க தனியாப் போய் மோதினா டிரைவர் தப்புன்னு ஒரு வரியில எழுதி முடிச்சுருவாங்க. நான் பக்கத்துல இருக்கணும். பெட்டி சொன்னதை மட்டும் செய்யுங்க. ஒரு மிதி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்." பெல்ட்டை மாட்டியபடி அவள் சொன்னாள், "இதை எழுதினவ நான்தான் அண்ணா."

எட்டரைக்குப் பெட்டி எஞ்சினை அணைத்தது. "சரிவு முறை தொடங்குகிறது. வாகனம் ஒன்று, இறங்கலாம்."

வண்டி மெல்ல நகர்ந்தது. முதல் இரண்டு வளைவும் பெட்டி சொன்னபடியே சுகமாகக் கழிந்தன. "பிரேக்கை மிதியுங்கள். விடுங்கள்." முள் எட்டிலிருந்து ஏழரைக்கு வந்தது, ஆறரைக்கு வந்தது. போன தடவை வால்வைத் திருகிய இடம் வந்ததும் பூபதியின் இடது கை தானாகச் சீட்டுக்கு அடியில் போயிற்று. வால்வு இருந்தது, அதற்குப் பின்னால் காற்று இல்லை. கையை இழுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

நான்காவது கிலோமீட்டரில் சரிவு செங்குத்தானது. வேகம் நாற்பத்தைந்து. அவருக்குப் பாதம் துடித்தது. இந்த இடத்தில் எந்த டிரைவரும் மிதிப்பான். பெட்டி பேசவில்லை.

"மிதிங்க அண்ணா" என்றாள் தாரணி.

"அது சொல்லட்டும்."

"அண்ணா!"

"நீங்கதான சொன்னீங்க, ஒரு மிதி கூடக் கூடாதுன்னு."

ஐம்பத்திரண்டில் பெட்டி சொன்னது, "பிரேக்கை மிதியுங்கள்." நீளமான மிதி. ரப்பரும் இரும்பும் சேர்ந்து தீயும் வாடை கேபினுக்குள் ஏறியது. முள் ஐந்தரைக்கு வந்தது. பஸ்ஸர் அலறத் தொடங்கியது.

"அழுத்தக் குறைவு காட்டப்படுகிறது" என்றது பெட்டி, அதே இனிமையோடு. "முந்தைய பயணத் தரவோடு இது பொருந்தவில்லை. உணரியின் பிழையாக இருக்கலாம். பயணத்தைத் தொடரவும்."

தாரணி அவசரப் பொத்தானை அழுத்தினாள். எஞ்சினைத் திரும்ப உயிர்ப்பிக்கும் பொத்தான் அது. "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. காத்திருப்பு நேரம் நாற்பது விநாடிகள்." அவள் அதை அழுத்திக்கொண்டே இருந்தாள். அழுதுகொண்டே அழுத்தினாள். தான் எழுதிய நாற்பது விநாடி எவ்வளவு நீளம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

வேகம் அறுபத்தெட்டு. தூரத்தில் இரட்டைப் பாலம் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு இப்பால் இடது ஓரத்தில் மண் படுகை. "பிரேக்கை மிதியுங்கள்." மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது. வேகம் இறங்கவே இல்லை. முள் ஐந்தைத் தாண்டிக் கீழே விழுந்தது. பின் சக்கரங்கள் கவ்விக்கொண்டன. வண்டியின் பின்பக்கம் வலது பக்கமாக வீசியது. பூபதி எழுந்து நின்றுவிட்டார். முழு உடம்பையும் ஸ்டியரிங்மேல் போட்டு இடது பக்கம் இழுத்தார். கோகிலவாணியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அது அவர் காதிலேயே விழவில்லை.

படுகை வந்தது. மண் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

அவர் கண் திறந்தபோது எங்கும் செம்மண் புகை. டேஷ்போர்டு மடங்கி வலது காலை இறுக்கிப் பிடித்திருந்தது. முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. தாரணியின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. ஆனால் விழித்திருந்தாள், மூச்சு விட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோற்றாயிற்று, இனிமேல் நிறுத்துவார்கள் என்ற நிம்மதியில் பூபதிக்குச் சிரிப்புக்கூட வந்தது.

உடைந்த கண்ணாடியோடு தொங்கிக்கொண்டிருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"சரிவுப் பயணம் நிறைவடைந்தது. வெளியிட்ட புகை: பூஜ்யம். வாழ்த்துகள். வாகனம் இரண்டு, இறங்கலாம்."

பூபதிக்கு முதலில் விளங்கவில்லை. "என்னங்க மேடம் சொல்லுது?"

தாரணி மடியில் கிடந்த டேப்லட்டைத் துடைத்துப் பார்த்தாள்.  "வண்டி நின்னுருச்சா, புகை வந்துச்சா. ரெண்டைத்தான் அது பார்க்கும். எப்படி நின்னதுன்னு... அதுக்கு ஒரு கட்டமே நான் போடலை அண்ணா. ஜெயிச்சதா பதிஞ்சுருச்சு." நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினாள். வெற்றிகரமான ஓட்டத்தை நிறுத்த அதிகாரம் இல்லை என்று வந்தது. மேலதிகாரிக்கு அடித்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மேலே வளைவுகளுக்கு அப்பால் லோகநாதன் இப்போது ஹேண்ட்பிரேக்கை விட்டுக்கொண்டிருப்பான்.

பூபதியின் போன் வலது பையில் மாட்டியிருந்தது. நசுங்கிய தொடைக்கும் கதவுக்கும் நடுவே கையை விட்டு இழுத்தார். வலி உச்சந்தலைக்கு ஏறியது. பெயரைத் தொட்டார். ஒரு மணி, இரண்டு, மூன்று. நான்காவதில் எடுத்தான்.

"மாமா! பச்ச உழுந்துருச்சு. நீங்க நல்லபடியா எறங்கிட்டீங்கன்னு பொட்டி சொல்லுது. நூத்துக்கு நூறாமா. நான் அப்பவே சொன்னனில்ல? இதா, வண்டிய உட்டாச்சு."

"மாப்ளே, நிறுத்து."

"ஏனுங்க?"

"நான் எறங்கலடா. மண்ணுக்குள்ள கெடக்கறேன். பிரேக் போச்சு. காலு நசுங்கிப் போச்சு. அந்த மேடம் மண்ட ஒடஞ்சு பக்கத்துல கெடக்கறாங்க. மொத வளைவுக்கு முன்னால நிறுத்திப்போடு சாமி."

அந்தப் பக்கம் சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் அவன் வண்டியின் பெட்டி பேசுவதும் கேட்டது. "முந்தைய வாகனம் பாதுகாப்பாக இறங்கியுள்ளது. பயணத்தைத் தொடரவும்."

"பொட்டி வேற சொல்லுதுங்களே மாமா" என்றான் லோகநாதன். குரல் உடைந்தது. "நின்னுட்டா என்ர வண்டி..."

"போவும். உன்ர வண்டி போயிரும். என்னுதும் போச்சு, இதா, என் மடி மேலயே கெடக்குது. அது பொய் சொல்லலடா, அதுக்குத் தெரியறது அவ்வளவுதான். நான் சொல்றத நம்புனா நிறுத்து. நம்பலீன்னா..."  போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதார். ஐம்பத்திரண்டு வயதில் மச்சினனிடம் விசும்பி விசும்பி அழுதார்.

 பிறகு போனில் அந்தச் சத்தம் வந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுக்கும்போது காற்று புஸ்ஸென்று வெளியேறும் சத்தம். எந்த லாரிக்காரனுக்கும் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். டயர் கீச்சிட்டது. பிறகு உருளும் ஓசை நின்றுபோனது.

கதவு திறந்தது. லோகநாதன் கீழே குதித்து மேட்டைப் பார்த்துக் கத்துவது தூரத்தில் கேட்டது. "யாரும் எறங்காதீங்க! மாமா மோதிட்டாரு! யாரும் எறங்காதீங்க!"

இங்கே பெட்டி மறுபடி பேசியது. "வாகனம் இரண்டு. இறங்க மறுப்பு. தகுதி நீக்கம் செய்யப்படுகிறது. வாகனம் மூன்று, இறங்கலாம்."

 மேலே நிற்கிற ஒவ்வொருவரையும் பூபதிக்குத் தெரியும். ஒவ்வொருவன் வீட்டிலும் அந்த ஒரு வண்டியை நம்பி எத்தனை வாய் என்பதும் தெரியும். தாரணி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாகனம் மூன்று. இறங்க மறுப்பு. தகுதி நீக்கம் செய்யப்படுகிறது. வாகனம் நான்கு, இறங்கலாம்."

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. நான்காவது வண்டிக்காரர் காது கொஞ்சம் மந்தம். பூபதி வளைவையே பார்த்தார். செம்மண் புகைக்கு நடுவே ஏதாவது உருண்டு வருகிறதா என்று கண் எரிய எரியப் பார்த்தார்.

"வாகனம் நான்கு. இறங்க மறுப்பு. தகுதி நீக்கம் செய்யப்படுகிறது."

பிறகு ஐந்து. பிறகு ஆறு. கடைசி எண் முடிந்ததும், இன்றைய ஓட்டத்தில் கலந்துகொண்டதற்கு நன்றி என்றது பெட்டி.

ஐந்து லாரிகளும் கையை விட்டுப் போய்விட்டன. ஐந்து பேரும் மேலே உயிரோடு நின்றார்கள். தள்ளிப் போட்ட தடை திரும்பி வந்ததும் அந்த ரெண்டாயிரம் பேரும் தன்னைத் திட்டப்போகிறார்கள் என்று பூபதிக்குத் தெரியும். போனில் லோகநாதன் இன்னும் இருந்தான்.

"மாமா, ஓடி வந்துட்டிருக்கறேன்" என்றான் மூச்சிரைக்க. "அக்காகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நீ உசுரோட இருக்கறேன்னு சொல்லு" என்றார் பூபதி. "மத்தத நான் வந்து சொல்லிக்கறேன்."